ஒரு செங்கல்கூடக் கூடாது என்று எழுதியவள்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் இடது இடுப்பு ஒன்றைத் தவிர இங்கே அனைவரும் சுகம், அந்த இடுப்பும் வாரத்துக்கு வாரம் தேறி வருகிறது. அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிற உன் பக்கத்து அறைத் தோழியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் பாதியில் வைத்துவிடுவேன், கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. என்னைக் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டு போன அந்த இரண்டு புத்தகங்களைப் பற்றி இந்தத் தடவை திட்டப்போவதில்லை, காரணம் கடைசியில் வரும்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்த அப்பா அத்தை வீட்டில் இருப்பது காற்று மாற்றத்துக்காக என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். காற்றாவது கத்தரிக்காயாவது. கடைப் பலகையைத் துடைக்கிறேன் என்று ஏணியில் ஏறி விழுந்தவருக்கு ஆறு மாதம் படி என்பதே கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகும் பார்த்துத்தான் ஏறவேண்டுமாம். நம் வீடுதான் உனக்குத் தெரியுமே, கீழே முன்பக்கம் அப்பாவின் தையல் மெஷின் ரிப்பேர் கடை, அதற்குப் பின்னால் என் அறை, அதற்கும் பின்னால் துணி காயப்போடும் காலி இடம், படுப்பதும் சமைப்பதும் மாடியில், நடுவே பதினேழு படி, அதுவும் கோபத்தில் கட்டியதுபோல் செங்குத்தாக. அத்தை வீடு தரைத்தளம், அதனால் அங்கே போனார். அத்தை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் ஐம்பது வயதுத் தம்பியை ஐந்து வயதுத் தம்பியாகவே நடத்தினாள், டீயை ஆற்றிக் கொடுத்தாள், டிவி ரிமோட்டை ஒளித்துவைத்தாள். ஆரம்பத்தில் அப்பா தினமும் போன் பண்ணி என் நலம் விசாரிக்கமாட்டார், மெஷின்களின் நலம்தான். அந்தப் பச்சை மெஷினை யாரும் தொடவேண்டாம், ஷட்டில் கழற்றிவைத்தது டப்பாவில் இருக்கிறது, எண்ணெய் மூடி திறந்திருக்கப்போகிறது, இப்படி. ஐந்தாவது வாரம் மெஷின் பேச்சு நின்றுபோனது. எப்ப வீட்டுக்கு வரலாம் என்று மட்டும் கேட்டார், பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை கேட்பதுபோல. அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ செய்தாகவேண்டும் என்று தோன்றியது, செய்தேன், அதைத்தான் சொல்லவருகிறேன்.

பின்னால் காலியிடத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஒரு குளியலறை, சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு சரிவு, அவ்வளவுதான் என் திட்டம். மேஸ்திரி வந்தார், கயிறு போட்டு அளந்தார், மூன்று வாரத்தில் முடிச்சுடலாம்மா என்றார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா இது ஹைவே ஓரமாச்சே, இங்க புதுசா எதுவும் கட்டக் கூடாதுன்னு எந்தப் புண்ணியவானோ தடை வாங்கி வெச்சிருக்காங்களே" என்றார். அந்தப் புண்ணியவான் அவர் எதிரிலேயே அளவுக் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் பக்கம் கயிறு தொய்ந்தது.

அந்தத் தடையின் கதையில் உனக்குப் பாதிதான் தெரியும், நான் என் வீரத்தை மட்டும் எழுதியிருந்தேன். நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகக் கிடங்குகள் முளைத்து, மழைநீர்க் கால்வாயை இடிபாடு போட்டு மூடி, ஒரே மழையில் அப்பாவின் கடைக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததல்லவா, அப்போது தெருவே என்னிடம் வந்தது. நூலகத்தில் வேலை செய்கிறவள், நாலு எழுத்து படித்தவள், நீயே எழுதும்மா என்றார்கள். நாலு எழுத்தா, பதினோரு பக்கம் எழுதினேன். புதிய கால்வாய்த் திட்டம் தயாராகும் வரை மூன்று வருடத்துக்குச் சாலையின் இருபுறமும் நூறு மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரணப் பெண். யாருக்கும், எந்தக் காரணத்துக்கும், ஒரு செங்கல் அளவுக்கும் விலக்கு தரக்கூடாது, ஒருவருக்கு விலக்கு என்பது வாயில் ஒரு பல் விழுவதுபோல, அதன்பிறகு பக்கத்துப் பல்லும் ஆடத்தொடங்கும் என்று ஓர் உவமை வேறு. அந்த உவமையை எழுதிவிட்டு நான் எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தேன், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நகராட்சி அப்படியே ஏற்றுக்கொண்டது, ரொம்ப நெருக்கடி வந்தால் விசாரிக்க ஒரு விலக்குக் குழுவை மட்டும் பேருக்கு வைத்தார்கள், அதையும் எதிர்த்து நான் ஒரு கடிதம் போட்டேன். நீ அப்போதே போனில், "ஏம்மா, கதவு வேணாம், ஒரு ஜன்னலாவது வையேன், நாளைக்கு நமக்கே வேண்டியிருந்தா?" என்று கேட்டாய். நான் உனக்குப் பொதுநலம் பற்றி இருபது நிமிடம் வகுப்பு எடுத்தேன். வெளியூர்க் கட்டணத்தில் எடுத்தேன். அந்த இருபது நிமிடத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, தடை கேட்டு எழுதிய அதே கையால் விலக்கு கேட்டு எழுத உட்கார்ந்தேன். வாண்டு, என்னைப்போல் கேவலமாக யாரும் நான்கு வரைவு எழுதியிருக்கமாட்டார்கள். முதல் வரைவில் தத்துவம், இரண்டாவதில் கண்ணீர், மூன்றாவதில் சட்டம், நான்காவதில்தான் அப்பாவின் இடுப்பே வந்தது. நூலக மேசையில் உட்கார்ந்து எத்தனை பேர் திருத்தக் கொண்டுவந்த மனுக்களைப் படித்து, எல்லாருக்கும் தன் வீட்டு அடுப்பு மட்டும் புகையாது என்று நினைப்பு என மனதுக்குள் சிரித்திருக்கிறேன் தெரியுமா. மனுவோடு ஒரு படிவமும் நிரப்பவேண்டும், எட்டுக் கேள்வி. ஏழாவது, தற்போதுள்ள கட்டடத்தில் மாற்று இடம் உள்ளதா என்பது. இல்லை என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்.

அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் பக்கத்துத் தையல் கடையில் துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் அக்காவிடம் போனேன். அவள் மெஷினை நிறுத்தவேயில்லை, ஓட்டிக்கொண்டே, "என்ன தங்கச்சி, எங்க வீட்டு மாடியில ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடறேன்னப்ப சட்டம் பேசினியே, இப்ப நீ பூட்டின பூட்டுக்கு உங்கிட்டயே சாவி இல்லையா?" என்றாள். இல்லக்கா என்றேன். வேறென்ன சொல்வது. அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "கொண்டா இங்க, உனக்காகப் போடல, என் மெஷின் ரெண்டு மாசமா நொண்டுது, உன் வீட்டுக்காரர் கை பட்டாத்தான் ஓடும்" என்று கையெழுத்துப் போட்டாள். இரண்டு நொண்டிகளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கேன்னு நெனச்சுக்கோ என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

விசாரணை நாளன்று நகராட்சி அலுவலகத்தில் எனக்கு டோக்கன் மூன்று. நீளமான மரப் பெஞ்சு, ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புகிற வகை, அதன் மறுபக்கத்தில் யார் என்று நினைக்கிறாய், கால்வாயை மூடியவர்களிலேயே பெரிய கையான கிடங்குக்காரர். அவருக்கும் விலக்கு வேண்டுமாம், பத்துக்குப் பன்னிரண்டு இல்லை, லாரி திரும்புகிற அளவுக்கு. இவர் என்னை முறைப்பார் என்று தயாராக இருந்தேன். அந்த மனிதர் எழுந்து நின்று, அவர் எழுந்ததும் பெஞ்சு என் பக்கம் இறங்கியது, "அக்கா உக்காருங்க, நல்லா உக்காருங்க, என் டோக்கன் ரெண்டு, நீங்க அதுல போங்க, நான் உங்களுக்கப்புறம் வர்றேன்" என்று டோக்கனையே கையில் திணித்தார். எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். "உங்களுக்கே குடுத்துட்டாங்கன்னா எனக்கு இல்லேன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வருமாக்கா? பல்லு விழுந்த வாய்னு நீங்களே எழுதியிருக்கீங்க, என் வக்கீல் அதைப் படிச்சுட்டு அப்படியே அசந்துட்டார்" என்றார். என் வாழ்க்கையில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாசகர் அவர்தான் என்பதை நினைத்து நான் அழவா சிரிக்கவா. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எப்ப வீட்டுக்கு வரலாம் என்கிற குரல் காதில் இருந்தது. டோக்கனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முறைக்குக் காத்திருந்தேன். அதற்கே தியாகம் செய்துவிட்டதுபோல் இருந்தது என்றால் பார்த்துக்கொள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி என் பழைய மனுவைக் கோப்பிலிருந்து எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் பக்கத்தை, ஒரு செங்கல் அளவுக்கும் என்பதிலிருந்து பக்கத்துப் பல் வரைக்கும், நிறுத்தி நிதானமாக வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பிறகு, "இதை எழுதினது யாருன்னு தெரியுங்களா?" என்றார். நான்தாங்க என்றேன். "நல்லா எழுதியிருக்கீங்க, இதுக்குப் பதில் சொல்ல எங்களால முடியல, நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. நான் தயாரித்துப்போன சட்டமும் தத்துவமும் எங்கேயோ ஓடிவிட்டன, எங்க வீட்டுக்காரருக்குப் படி ஏற முடியாதுங்க, அவர் வீட்டுக்கு வரணும் என்று மட்டும் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம், நீங்கள் எழுதியது சரியாக இருந்தால் யோசிக்கலாம் என்றார் அவர்.

வந்தது ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், தோளில் பை, கையில் அளவு நாடா, அதிகம் பேசாத ரகம், எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. காலியிடத்தை அளந்தாள், கால்வாய் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள், படிகளை எண்ணினாள், ஒவ்வொரு படியின் உயரத்தையும் எழுதிக்கொண்டு, பாவங்க என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது என் அறைக் கதவைக் காட்டி, இது என்னங்க என்றாள். என் அறை என்று திறந்து காட்டினேன். உள்ளே பார்த்தாள், அலமாரிகள், தரையில் அடுக்கு, ஜன்னலோரம் என் நாற்காலி. "இங்க யார் படுக்கறாங்க?" என்றாள். யாரும் இல்லை, புத்தகம் என்றேன். அந்தச் சின்னக் கதவு? அது குளியலறை, அதில் பழைய மாத இதழ்கள் கட்டிவைத்திருக்கிறேன். "தண்ணி வருமாங்க?" வரும், ஈரம் ஆகக்கூடாது என்று நான்தான் குழாயை அடைத்துவைத்தேன். அந்தப் பெண் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நாடாவை நீட்டினாள். பன்னிரண்டுக்குப் பதினாலு. அவள் என்னைப் பார்த்தாள், நான் நாடாவைப் பார்த்தேன். வாண்டு, சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பொட்டுக்கூட. நான் மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை, அந்த அறை எனக்கு ஓர் இடமாகவே கணக்கில் வரவில்லை, என் கை கால் மாதிரி இருந்தது, கையைக் கழற்றிவைத்துவிட்டு அங்கே கட்டில் போடலாமா என்று யாராவது யோசிப்பார்களா. தெருவில் ஆளாளுக்குக் கட்ட நினைத்த அறைகளை எல்லாம் ஊர் நன்மைக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னவள், ஓர் அலமாரியை நகர்த்த நினைக்காமல் நகராட்சியையே நகர்த்தப் போயிருக்கிறேன். நீ இந்த இடத்துக்கு வருவதற்கு நாலு பத்தி முன்னாலேயே கண்டுபிடித்துச் சிரித்திருப்பாய், அதனால்தான் போனில் சொல்லவில்லை. அந்தப் பெண் படிவத்தை எடுத்து ஏழாம் கேள்வியில் என் அடிக்கோட்டைப் பார்த்து, "மேடம், இதை நான் மாத்தி எழுதணும், இல்லேன்னா நீங்களே வாபஸ் வாங்கிக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். கெட்டிக்காரி. அவமானத்தை நானே எடுத்துக்கொள்ள வழி விட்டாள்.

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே என் அறை இருக்கிறதே, அதில் குளியலறையும் இருக்கிறதே, உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா என்று, என்னவோ அவர்தான் தப்புச் செய்ததுபோல் கேட்டேன். "தோணாமயா, விழுந்த அன்னிக்கே ஆம்புலன்ஸ்ல தோணிச்சு" என்றார். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். அவர் வாக்கரின் ரப்பர் பிடியைத் திருகிக்கொண்டே, "கல்யாணமாகி நீ எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். ஒரு ரூம் வேணும், நான் கதவைச் சாத்திக்கிட்டா யாரும் தட்டக் கூடாதுன்னே. இத்தனை வருஷம் தட்டல. இடுப்பு ஒடஞ்சுதேன்னு இப்ப தட்டவா?" என்றார். ஏழு வாரம், தன் அக்காவிடம் ஆறின டீ குடித்துக்கொண்டு, ரிமோட் இல்லாமல். சமையல்கட்டிலிருந்து அத்தை, "ரெண்டு பேருக்குமே ஒடஞ்சிருக்கு, ஒருத்தருக்கு இடுப்பு, ஒருத்தருக்கு மூளை, கட்டு ஒரு எடத்துலதான் போட்டிருக்காங்க" என்று குரல் கொடுத்தாள். அத்தை சொல்லி நான் மறுக்காத முதல் வாக்கியம் இது.

மறுநாள் மனுவைத் திரும்பப் பெறப் போனால், அதற்குப் படிவம் இல்லையாம், இதுவரை யாரும் திரும்பப் பெற்றதில்லையாம். "ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கம்மா, எழுத வரும்ல?" என்றார் குமாஸ்தா. வரும் என்றேன், ஒரே வரி எழுதினேன், உவமை இல்லாமல். வராந்தாவில் கிடங்குக்காரர் கேள்விப்பட்டு, "அக்கா, கவுத்துட்டீங்களே அக்கா" என்று நெஞ்சில் கை வைத்தார். அவருக்கு விலக்கு கிடைக்கவில்லை. அது ஊருக்கு நான் செய்த நன்மை என்று ஓவர்லாக் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் மறுக்கப்போவதில்லை, இந்த விஷயத்தில் எனக்கு மிச்சமிருக்கும் மானம் அவ்வளவுதான்.

புத்தகங்களில் பாதி நூலகத்துக்குப் போயிற்று. மீதியை நானும் மேஸ்திரியும் ஓவர்லாக் அக்காவும் பதினேழு படி ஏற்றினோம். அக்கா ஒவ்வொரு கட்டையும் தூக்கும்போது, இதைப் படிச்சுட்டுதானே வெச்சிருக்கே, அப்புறம் எதுக்கு என்று கேட்டாள், பதிலுக்கு என்னிடம் மூச்சு இல்லை. உன் அறைதான் இப்போது புத்தக அறை, உன் கட்டிலை விட்டிருக்கிறேன், கட்டிலுக்கு அடியைத்தான் விடவில்லை. குழாயின் அடைப்பை எடுத்தோம், முதலில் துரு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. நாற்காலியையும் மேலே கொண்டுபோகலாம் என்றேன், நாற்காலி அங்கேயே இருக்கட்டும் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார், அது இல்லாவிட்டால் நான் வரவில்லை என்று.

வியாழக்கிழமை காலை வந்தார். நான் அறைக்குள் கட்டிலில் விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தேன். வாக்கர் கடை வழியாக டக் டக் என்று வருவது கேட்டது, பச்சை மெஷினருகே கொஞ்சம் நின்றது, பிறகு வந்தது, வாசலில் நின்றுவிட்டது. கதவு விரியத் திறந்துதான் இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்த கதவை அப்பா விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

உள்ளே வாங்க என்றேன்.

இப்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, யாருக்கு, வாண்டுக்கா, என்னைப் பத்தி என்ன எழுதினே என்று பக்கத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். தனிமை போயிற்று. பழகிக்கொள்வேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஏணியில் ஏறாதே, ஏறினால் கீழே ஒருவரை நிற்க வை. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் மனசுக்குப் பிடித்த ஒரு மூலை உனக்குக் கிடைக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே, அந்த இரண்டு புத்தகங்களையும் தயவுசெய்து திருப்பி அனுப்பாதே, இங்கே வைக்க இடமில்லை.

மாற்று இடம் இல்லை என்று அடிக்கோடிட்ட,
உன் அம்மா